நாலு கோடு சிக்னல்

லைன்மேன் வீட்டு வைஃபைக்கு சாயங்காலம் ஆனால் மூச்சு நின்றுவிடும். பகலெல்லாம் நன்றாகத்தான் ஓடும். அந்த வீட்டு மாமியார் சமையல் வீடியோவில் வெங்காயம் வதங்குவதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். பொழுது சாயத் தொடங்கியதும், சொல்லி வைத்தாற்போல, செத்துவிடும்.

"மெஷின் சூடாகுது. அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?" என்பார் லைன்மேன். டெலிபோன் ஆபீஸில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். வயர் விஷயத்தில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் மனைவி வைத்தது. மெஷினைப் பின்னறை அலமாரியின் உச்சியில் குடியேற்றி, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் தெருவிலேயே நடமாடுவார். வீட்டில் பத்திரமும் நகையும் இருக்கிற அலமாரிக்குக்கூட அப்படி ஒரு பூட்டு கிடையாது.

இதில் அடிபட்டது மருமகள்தான். அவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்குக்குத் தக்க ஃபிரேம் தேடிக் கொடுத்து, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று நாள் முழுதும் சொல்லிச் சொல்லி, போனில் இருக்கிற டேட்டாவையும் வாடிக்கையாளர்களுக்குப் படம் அனுப்பியே தீர்த்துவிட்டு வீடு திரும்புவாள். வந்து பார்த்தால் வைஃபை படுத்திருக்கும். அப்படியே இருந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து என்ன பேச முடியும்? மாமியாருக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, காதிலும் எந்தக் குறையும் இல்லை.

பேச வேண்டியதோ ரகசியம். மருமகளும் அவள் புருஷனும் தனிக்குடித்தனம் போக வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறான். ஊர் ஜனத்தின் கையிலெல்லாம் தயங்காமல் ஊசி குத்துகிறவன், அம்மா முன்னால் போய் நின்றால் மட்டும் தண்ணீர் கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நேரம் பார்த்து நானே சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நேரம் வந்தபாடில்லை. அம்மாவுக்கு முதுகுவலி, அம்மாவுக்குக் கோபம், அம்மா இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறாள் அதை ஏன் கெடுப்பானேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. முறையாக அவன் வாயால் சொல்வதற்கு முன்னால் வேறு யார் வாயிலிருந்தாவது மாமியார் காதுக்குப் போனால், அவ்வளவுதான். "என் பிள்ளையைப் பிரிச்சிட்டா" என்ற பட்டம் மருமகளுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். வீடு மாறலாம், பட்டம் மாறாது.

ஆகவே மருமகள் நடைப்பயிற்சி தொடங்கினாள். "உடம்பு கனக்குது அத்தை, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்றதும் மாமியாருக்கு ஒரே திருப்தி. தெருக்கோடி வரை நடந்து, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பினால் ஒரு காபிக்கடை. மொத்த நடையும் அவ்வளவுதான். மெலிந்தது அவள் கைப்பை மட்டும்.

அங்கே 'காபி குடிங்க' என்று ஒரு வைஃபை வரும். பாஸ்வேர்ட் கிடையாது. பின்சுவரை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தால் நாலு கோடு சிக்னல் முழுசாக நிற்கும். அந்த மேஜையில் ஒரு காபியை ஆறவிட்டுக்கொண்டு புரோக்கர் அனுப்பும் வீட்டுப் படங்களைப் பார்ப்பாள். வெளியூரில் இருக்கும் தன் அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். அக்காவுக்கு அனுப்புவது என்றால் வீட்டைப் பற்றி மட்டுமா அனுப்புவார்கள்? மாமியாரின் குறட்டை எந்த ராகம், கொடுத்த டிபன் பாக்ஸைத் திரும்பக் கேட்டு மாமியார் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார், எல்லாம் போகும். சில நாள் நடித்தும் காட்டுவாள்.

ஒருமுறை வீட்டுக் கொல்லையில் துணி எடுக்கும்போதுகூட அவள் போனில் 'காபி குடிங்க' என்று எட்டிப் பார்த்தது. 'அப்பா, அந்தக் கடை சிக்னல் எவ்வளவு தூரம் வருது' என்று மெச்சிக்கொண்டாளே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. ஊராருக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள்.

ஒரு புதன்கிழமை கடையில் வைஃபை செத்தது. முன் மேஜையில் எப்போதும் லேப்டாப்பை விரித்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ்காரர் எழுந்து கல்லாவுக்குப் போனார்.

"அக்கா, உங்க வைஃபை போச்சு. கொஞ்சம் பாருங்க."

காபிக்கார அக்கா டம்ளரைத் துடைத்தபடி நிமிராமல் சொன்னாள்: "எங்க கடையில வைஃபையே கிடையாதுங்க."

"என்னக்கா விளையாடுறீங்க? ஒரு வருஷமா அதுலதான் வேலை பார்க்கிறேன்."

"அது எங்கிருந்தோ வருது. வர்றப்ப வாங்கிக்கிட்டீங்க. இன்னிக்கு வரல. அதுக்கு நான் என்ன பண்ண?"

இன்சூரன்ஸ்காரர் முகம் வெளுத்தது. தொழிலே பயமுறுத்துவதுதான் என்பதால், தனக்கு வந்த பயத்தைக் கடை முழுக்கப் பங்கு வைத்தார். "போச்சு. சும்மா கிடைக்கிறதுல எல்லாம் தூண்டில் இருக்கும்னு சொல்வாங்க. எவனோ ஒருத்தன் பக்கத்துல உக்காந்து இதைத் திறந்து விட்டிருக்கான். நாம அனுப்பறது எல்லாம் அவன் வழியாத்தானே போகும்? எழுதறதைப் படிப்பான், பேசறதைக் கேப்பான். என் மச்சானுக்கு இப்படித்தான்." மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று முடிக்காமலேயே லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மருமகள் போனைக் கைப்பைக்குள் திணித்தாள். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நடைப்பயிற்சி என்று சொன்னதற்கு அன்றுதான் முதல்முறையாக வியர்த்தது.

மொட்டை மாடியில் காயாத துணியை எடுக்கிற சாக்கில் புருஷனை மேலே வரவழைத்தாள்.

"யாரோ கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தத் தெருவுலதான் யாரோ."

"என்னென்ன பேசின?"

"வீடு பார்க்கிறது எல்லாம்."

"வேற?"

"உங்க அம்மா குறட்டை."

"அதுவுமா?"

"டிபன் பாக்ஸ் கதையும்."

அவன் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பக்கத்துத் தெரு முழுக்க அம்மாவுக்குத் தெரிஞ்சவங்கதான்டி. அம்மா பேசாத வீடு அங்க ஒண்ணுகூட இல்ல. எவன் காதுல விழுந்தாலும் அம்மா காதுல விழுந்த மாதிரிதான்."

"அதனாலதான் சொல்றேன், இன்னிக்கே நீங்க போய்ச் சொல்லிடுங்க. நம்ம வாயால போகட்டும்."

"இன்னிக்கா? அம்மா இன்னிக்குப் பின்னறையைக் கழுவித் தள்ளிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

அவன் தலையில் ஒரு ஈரத் துண்டைப் போட்டுவிட்டு அவள் இறங்கி வந்தாள். மறுநாள் கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியும் இன்னொருவருக்கு வெயில் கண்ணாடியும் மாறிப் போயின. சாயங்காலம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். திருடன் யாராக இருந்தாலும் சரி, காலில் விழுந்தாவது வாயை அடைக்க வேண்டும்.

காபிக்கடை வாசலில் போனைப் பார்த்தாள். 'காபி குடிங்க' மறுபடி உயிரோடு இருந்தது. உள்ளே போகவில்லை. போனை விளக்குப் போல முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். தெருப்பக்கம் நகர்ந்தால் கோடு குறைந்தது. கடைக்குப் பக்கவாட்டில் குப்பைத்தொட்டிகள் இருக்கும் சந்துக்குள் திரும்பினால் ஏறியது. தொட்டிகளைத் தாண்டினாள். நாலு கோடும் நின்றது. எதிரே கடையின் சமையற்கட்டுப் பின்கதவு, பாதி திறந்து கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கவிழ்த்து வைத்த பால் கூடையின் மேல், காலை ஆட்டிக்கொண்டு, ஒரு கையில் காபியும் மறு கையில் கேக்குமாக, அவள் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

லைன்மேனுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு கண்ணிலேயே படக்கூடாது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். மாமியார் தினமும் சொல்கிறார். அந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இங்கேயோ டப்பா அவர் மடியிலேயே இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தது மாமனார்தான், அதுவும் வாய் நிறையக் கேக்கோடு.

"உங்க அத்தை அனுப்பினாளா?"

"அத்தையா? எதுக்கு மாமா?"

"வேவு பார்க்க. தினமும் அந்தப் பின்மேஜையில வந்து உக்காந்துக்கிறியே. நீ கடைக்குள்ள இருக்கேன்னுதான் நான் சுவர் ஏறிப் பின்பக்கமா வர்றேன். இந்த வயசுல."

மருமகள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சந்தின் மறுபுறம் ஒரு மதில். மதிலுக்கு மேலே தெரிந்த கொடியில் அவளுடைய துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. பின்னறை ஜன்னலிலிருந்து கறுப்பு வயர் ஒன்று மதிலோடு மதிலாக இறங்கி, ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. பெட்டியில் பச்சை விளக்கு. தெருக்கோடி, இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று அவள் இத்தனை நாளாக நடந்து வந்தது தன் வீட்டுக் கொல்லைக்குத்தான்.

"அப்போ இந்த வைஃபை..."

"நம்முதுதான்." லைன்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "சாயங்காலம் கடையில கூட்டம். வீட்டுலயும் ஓடினா இங்க இழுக்காது. அதான் வீட்டுப் பக்கம் அணைச்சிடறேன். அக்காவுக்கு வியாபாரம், எனக்குக் காபி. நேத்து உங்க அத்தை துவைக்கப் போட்ட சட்டையிலேர்ந்து சாவியை எடுத்து, பின்னறையைக் கழுவறேன்னு பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டா. நேத்து எனக்கும் காபி இல்ல."

"நம்ம வீட்டு வைஃபைக்கு நான் இங்க வந்து காசு குடுத்துக் காபி வாங்கியிருக்கேன்."

உள்ளிருந்து காபிக்கார அக்கா குரல் கொடுத்தாள். "நான் என்னத்தைச் சொல்றது? ஒருத்தர் முன்வாசல், ஒருத்தர் பின்வாசல், ரெண்டு பேரும் என்னைப் பார்த்து உதட்டுல விரல் வெக்கிறீங்க."

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. "மாமா, நான் பேசினதெல்லாம் உங்களுக்குக் கேக்குமா?"

"என்னத்தைக் கேக்கும்? அந்தக் காலத்துல கம்பத்து மேல ஏறிக் காதுல கருவியை மாட்டினா தெரு சண்டை பூரா கேக்கும். இதுல என்ன இருக்கு? எந்தெந்த போன் வந்து ஒட்டிக்கிட்டிருக்குன்னு பேரு மட்டும் காட்டும்." போனை எடுத்துக் காட்டினார். "இதோ. 'மகாராணி'. நீதானே? என் பிள்ளையைத் தவிர எவன் இப்படிப் பேரு வெப்பான்? மகாராணின்னு வந்ததும் நான் பின்பக்கம் பதுங்கிடுவேன்."

"குரல் எதுவும்?"

"ஒரு எழுத்துகூடத் தெரியாதும்மா. மகமாயி சத்தியமா."

அவள் இன்னொரு பால் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குறட்டையும் போகவில்லை, டிபன் பாக்ஸும் போகவில்லை, எதுவும் எங்கும் போகவில்லை. நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிய வேகத்தில் வாயும் தானாகத் திறந்துகொண்டது. யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

"மாமா, நாங்க தனியா வீடு பார்க்கிறோம்."

லைன்மேன் கேக்கைக் கீழே வைத்தார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"எங்க?" என்றார்.

"ரெண்டு இடம் வந்திருக்கு. ஒண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒண்ணு..." நிமிர்ந்து கூரையைக் காட்டினாள். "இந்தக் கடைக்கு மேல."

"பாலம் வேணாம். ரொம்ப தூரம்." மேலே அண்ணாந்து, கம்பம் ஏறிய காலத்துக் கண்ணால் மாடியை அளந்தார். "இங்க சிக்னல் நல்லா வரும்."

"அத்தை?"

"அவகிட்ட நான் பேசறேன். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார், போய் வர ஒரு இடம் வேணாமா? பிள்ளை வீட்டுக்குப் போறேன்னா எவ தடுப்பா?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இனிமே சுவர் ஏற வேணாம் பாரு."

"ஒரு கண்டிஷன் மாமா. கேக் கிடையாது. காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதுக்கு மேல போட்டா நானே அத்தைகிட்டச் சொல்லிடுவேன்."

"அரை டப்பாலேர்ந்து ஒரு ஸ்பூனா?"

"ஒரு ஸ்பூன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் லைன்மேன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மாமியார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாஷிங் மெஷினை எடுத்துட்டுப் போவீங்களா?"

"இல்லம்மா" என்றான் மகன். அம்மா முன்னால் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல்முறை.

"அப்ப சரி. நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நீங்க இருக்கற முன்னறையில நல்ல வெளிச்சம். என் தையல் மெஷினை அங்க போட்டுக்கறேன்." பிறகு மகன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார். "இதுக்கா இத்தனை நாள் ரெண்டு பேரும் மாடியில துணி எடுத்தீங்க?"

அடுத்த மாதமே குடிபோனார்கள். முதல் நாள் சாயங்காலம் பெட்டிகளைப் பிரிக்காமலேயே மருமகள் புது வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். போனில் நாலு கோடும் நின்றது. அக்காவுக்குக் குரல் பதிவு போட்டாள், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்ற சத்தத்தில்: "வந்துட்டோம்கா. அத்தையே வந்து பால் காய்ச்சிக் குடுத்துட்டுப் போனாங்க. டிபன் பாக்ஸை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டாங்க."

பதிவை அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கீழே கடைக்குள்ளிருந்து மாமனாரின் இருமல் கேட்டது. பின்னாலேயே டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம். ஒரு ஸ்பூனுக்கு அது கொஞ்சம் நீளமான சத்தம்தான்.