பூ வைத்த படம்

ஜெர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயிலிலிருந்து நேரே மகள் லவினியாவின் அறைக்கு வந்த குமுதினி, சாப்பாட்டுப் பையைக்கூட இறக்காமல் சுவரிலிருந்த படத்தின் முன் நின்றுவிட்டார். பட்டமளிப்புத் தொப்பியோடு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பையன். சுற்றிவரச் சின்னச் சின்ன மின்விளக்குகள், கீழே மேசையில் ஒரு மெழுகுதிரி. மகளின் பரீட்சைக்காகச் செய்த அர்ச்சனைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு செவ்வந்தியை எடுத்து மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“உன்னோடை படிச்ச பிள்ளையோ? எப்ப மோசம் போனவர்?”

லவினியாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் அமெரிக்காவில் வங்கியைக் கொள்ளையடித்தவன். டாக்டர் வீட்டுப் பிள்ளை. பணக்காரரைத் திட்டி நீளமாக ஓர் அறிக்கை எழுதி வைத்துவிட்டுப் போனவன். தொலைக்காட்சிகள் மூன்று மாதமாக அவன் கன்னக்குழியைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் அவளுடைய கூட்டத்துக்கு அவன் வீரன். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒருநாள் பட்டினி கிடந்ததில்லை. கோபத்துக்கு மட்டும் குறைவில்லை. இன்று நான்கு மணிக்கு எல்லோரும் வந்து, இந்தப் படத்தின் முன் லவினியா பேசுவதை வீடியோ எடுக்கப் போகிறார்கள். இரண்டு வருடம் ஓரத்தில் நின்றவளுக்குக் கிடைத்த முதல் பேச்சு.

“அவன் சாகேல்லை அம்மா. ஜெயிலிலை இருக்கிறான். வங்கியிலை காவலுக்கு நிண்டவரைத்தான் சுட்டுச் சாகடிச்சவன்.”

அம்மா ஏசப்போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அம்மா ஏசவில்லை.

“அந்த மனுசன்ரை பேர் என்ன?”

தெரியவில்லை. வீரனின் நாய்க்குட்டிக்கு என்ன பெயர் என்று தெரியும். போனை எடுத்துத் தேடினாள். எங்கு போனாலும் கன்னக்குழிதான் வந்தது. கடைசியில் ஒரு செய்தியின் அடியில் கிடைத்தது: வால்டர் ஹின்ஸ், ஐம்பத்தெட்டு வயது. படம் எங்குமே இல்லை.

“வால்டர் ஹின்ஸ்,” என்று அம்மாவும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று மகளின் முகத்தைப் பார்த்தார். எத்தனை கூட்டம், எத்தனை விவாதம். இதை ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அம்மா, இரண்டு ரயில் மாறி வந்த அம்மா கேட்டார். அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

குமுதினி செவ்வந்தியைத் திரும்ப எடுத்தார்.

“இதை இப்ப எங்கை பிள்ளை வைக்கிறது?”

லவினியா படத்தைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் போட்டாள். அதன் வெள்ளை முதுகில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதத் தொடங்கினாள். பாதி எழுதும்போது வாசல் மணி அடித்தது. நேரம் நான்கு. வெறும் சுவரைச் சுற்றி விளக்குகள் மின்னிக்கொண்டிருக்க, அம்மா பூவை உள்ளங்கையில் வைத்தபடி பக்கத்தில் காத்து நின்றார்.