நாற்பத்தெட்டுக் கற்களும் அண்ணியும்

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அன்று நடந்ததைச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

முப்பத்தாறாம் மாடியும் முப்பத்தேழாம் மாடியும் சேர்ந்து ஒரே வீடு. லிஃப்ட் கதவு திறந்தால் நடைபாதை கிடையாது, அடுத்த வீட்டுக் கதவும் கிடையாது. நேரே கூடத்தில்தான் கால் வைக்க வேண்டும். கூடத்துக்கு இரண்டு மாடி உயரம். எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை. கீழே உள்ள பெரிய மரங்களெல்லாம் கீரைக்கட்டு மாதிரி தெரியும். மழை நாளில் மேகம் நமக்குக் கீழே போகும். கூடத்தின் ஓரமாக ஒரு படிக்கட்டு ஏறி மேல் நடைவழிக்குப் போகிறது. அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கூடம் மொத்தமும் காலடியில் கிடக்கும். குளிக்கும் தொட்டி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. படுத்தபடியே ஊரைப் பார்த்துக் குளிக்கலாம். ஊரும் நம்மைப் பார்க்குமே என்று அண்ணி கேட்டார். இந்த உயரத்துக்குப் பருந்து வந்து பார்த்தால்தான் உண்டு என்றேன். இருபத்திரண்டு வீடுகளில் நான் தரைக்கு மெருகேற்றியிருக்கிறேன். வேலை முடிந்தும் இறங்க மனம் வராத வீடு இது ஒன்றுதான்.

அண்ணன் கல் பதிப்பவர். அவருக்குப் பின்னால் மெருகு மெஷின் ஓட்டுகிறவன் நான். அண்ணி அதே கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

கூடத்துக்கு வந்தவை நாற்பத்தெட்டு வெள்ளைக் கற்கள். எல்லாம் ஒரே பாறையிலிருந்து வரிசையாக அறுத்தவை. ஒரு கல்லில் ஓடும் சாம்பல்நிற ரேகை அடுத்த கல்லில் தொடரும். ஆலையில் எல்லாவற்றையும் பரப்பிப் போட்டோ எடுத்துவிட்டு, ஒவ்வொரு கல்லின் மூலையிலும் மெழுகுப் பென்சிலால் நம்பர் எழுதி அனுப்புவார்கள். பின்பக்கம் பசை பூச வேண்டும் என்பதால் நம்பர் முன்பக்கத்தில்தான் இருக்கும். அந்த நம்பர்படி நாங்கள் முதலில் ஒட்டாமல் பரப்பிக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்ற பிறகே ஒட்டுவது. அன்று நான்கு மணிக்கு வீட்டுக்காரம்மா வருவதாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு நானும் அண்ணனும் போனபோது நாற்பத்தெட்டும் சுவரோரம் சாய்ந்து பளபளவென்று நின்றன. ஒன்றிலும் நம்பர் இல்லை.

ஏழு மணிக்கே வந்துவிட்ட அண்ணி, கறை என்று நினைத்து எல்லாவற்றையும் துடைத்திருந்தார். மெழுகு லேசில் போகவில்லை என்று சுடுதண்ணீர் வேறு ஊற்றித் தேய்த்திருக்கிறார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கல் தூக்கும் ஆட்கள் இருவரையும் கூப்பிட்டு, ரேகை அதிகமானவை ஒரு பக்கம், குறைந்தவை ஒரு பக்கம் என்று பார்வைக்கு அழகாகப் பிரித்தும் நிறுத்தியிருந்தார்.

"கண்ணு இருக்கு, கை இருக்கு. ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லையா உனக்கு?" என்றார் அண்ணன். வீட்டில் அந்த வாய்க்குக் குறைவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். அழுக்குக்கு நம்பர் போடுவாங்கன்னு யாருங்க கண்டா?"

ஆலைக்காரர்களின் போட்டோ சூப்பர்வைசரிடம் இருந்தது. கேட்டால் கொடுப்பார், ஆனால் காரணம் கேட்பார். போன வாரம் ஜன்னல் சட்டத்தில் ஒரு கீறல் போட்ட பெயிண்டரை மறுநாள் கீழ்வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். அண்ணியோ இந்த வேலைக்காக மூன்று மாதம் நடையாய் நடந்தவர். சேர்ந்த அன்று அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிட்டவர். நான்கு மணிக்குள் தரை சேராவிட்டால் அந்த அட்டை போய்விடும்.

அண்ணன் முட்டி போட்டு ஆரம்பித்தார். ஒரு கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குப் பதினோரு கல்தான் சேர்ந்திருந்தது. அதுவரை ஓரமாக நின்ற அண்ணி படியேறி மேல் நடைவழிக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்தச் சடையைத் தூக்கி மச்சத்துக்குப் பக்கத்துல வைங்க."

எதைச் சொல்கிறார் என்று முதலில் புரியவில்லை. ஒவ்வொரு கல்லையும் கையால் அழுத்தித் தேய்த்தவருக்கு ஒவ்வொன்றும் முகம் தெரிந்த ஆளாகியிருந்தது. மூன்று ரேகை பின்னிக்கொண்டு ஓடினால் சடை. துருநிறப் புள்ளி வைத்தது மச்சம். கழுத்து வளைந்து போவது கொக்கு. அண்ணன் நம்பிக்கை இல்லாமல்தான் தூக்கினார். வைத்ததும் ரேகையோடு ரேகை நூல் பிசகாமல் பொருந்தியது.

இருபது வருடமாக அண்ணன் தரையை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தே பழகியவர். முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் இடத்தில் அன்று அண்ணி இருந்தார். தலைகீழாக இருக்கிறது என்பார், திருப்புவோம். அவரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்கள், மறைக்கிறார் என்று என்னிடம் சொல்வார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்குவார். சாப்பாடு நின்ற வாக்கில் நடந்தது. கடைசி இரண்டு வரிசையில் ஆறு கற்கள் எப்படி வைத்தாலும் பொருந்தின. அண்ணி யோசித்து ஒரு வழியைச் சொன்னார். மூன்றரைக்கு நாற்பத்தெட்டாவது கல் உட்கார்ந்தது.

நானும் மேலே ஏறிப் பார்த்தேன். லிஃப்ட் வாசலில் மெல்லிய கோடாகக் கிளம்பிய ரேகை, போகப் போகக் கிளை சேர்த்துக்கொண்டு அகலமாகி, கண்ணாடியைத் தொடும் இடத்தில் வானத்தோடு கலந்த மாதிரி இருந்தது. கல் என்று சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு வீட்டுக்காரம்மா சூப்பர்வைசரோடு வந்தார். செருப்பை லிஃப்டிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ரேகை போன வழியே கண்ணாடிவரை நடந்தார். சூப்பர்வைசர் தன் கையிலிருந்த போட்டோவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி இரண்டு வரிசை மாறியிருக்கிறது என்றார். போட்டோவில் பெரிய ரேகை இடப்பக்கம் திரும்பி, அலமாரி வரவேண்டிய சுவரில் முட்டி நின்றது. யார் மாற்றியது என்று கேட்டார்.

தப்பு தன்னுடையது என்று அண்ணன் ஆரம்பித்தார். அதற்குள் அண்ணி படியிறங்கி வந்துவிட்டார்.

"அவர் இல்லங்க. நம்பரைத் தொடச்சது நான். வரிசை சொன்னதும் நான்தான்."

சூப்பர்வைசரின் பார்வை அண்ணியின் கழுத்து அட்டைக்குப் போனது. அண்ணி அதைக் கையால் பற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா படியேறினார். கைப்பிடியில் சாய்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்தே பேசினார்.

"நாலு மாசமா அந்தப் போட்டோவைப் பாத்து, நல்லாத்தான் இருக்குன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன். சுவத்துல போய் முட்டிக்கிற மாதிரியே இருக்கும். இப்பதான் வெளிய போகுது. இப்படியே ஒட்டிடுங்க."

வாசலருகே துருப்புள்ளி வைத்த கல்லை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டார். அண்ணிக்கு அப்போதும் வாய் நிற்கவில்லை.

"மச்சத்தை எடுத்தா சடை அறுந்துடும்மா."

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். மச்சம் அங்கேயே இருக்கிறது.

அவர் போன பிறகு சூப்பர்வைசர் அண்ணியை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இனி எந்த அடையாளத்தையும் கேட்காமல் துடைக்கக் கூடாது என்று பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். கூடம் வரைக்கும் கேட்டது. முடிவில் குரலைத் தணித்தார்.

"நாளைக்கு மேல் மாடிக் கல்லு வருதுக்கா. எட்டு மணிக்கெல்லாம் வந்து உயரமா ஒரு இடத்துல நின்னுக்குங்க. கீழ இருந்து இவங்களுக்கு ஒண்ணும் தெரியல."

இறங்கும்போது லிஃப்டில் அண்ணன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே வீட்டுலயும் மாடியில நின்னுதான் என்னை வேலை வாங்குவா."

"நம்ம வீட்டுல ஏது மாடி?" என்றார் அண்ணி. "நாற்காலி போட்டு ஏறிக்கிறேன்."