அமாவைக் கண்டனான்

1.
இந்தக் கதை ஓர் ஒற்றெழுத்தில் தொடங்கியது. என் கணவர் தேவராஜாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அச்சாகிறது. அதைத் தட்டச்சுச் செய்கிற மயூரா கிரான்பர்னிலிருந்து போன் எடுத்தாள்.

"அன்ரி, அங்கிளின்ர போஸ்ட்கார்ட்டில 'அமாவைக் கண்டனான்' எண்டு கிடக்கு. ஒரு ம் விடுபட்டுப்போச்சு. போடட்டோ?"

"நாளைக்குச் சொல்லுறன்."

"நாளைக்கு அச்சுக்குப் போகுது."

"அதுக்கு முன்னம் சொல்லுறன்."

2.
மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சிறிய ஜப்பானிய நகரம் [நான் போனதில்லை. எழுதிய வரியை அடித்துவிட்டேன்.]

மீனையும் மரத்தையும் நம்பி வாழும் அந்நகர மக்கள் [பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்.]

வீட்டு முன்பக்கம் உப்பு மணக்க, பின்பக்கம் மரத்தூள் [ஊகம். ஆனால் எந்த மணம் வெல்லும்?]

எனக்குத் தெரிந்தது அவர் போனில் சொன்னது மட்டும். 2018இல் அங்குள்ள ஆலையில் மரம் அரியும் இயந்திரம் பூட்ட மூன்று கிழமை போயிருந்தார்.

"இஞ்ச மீன்காரர் மலையேறி மரம் நடுகினம், தெரியுமே?"

"ஏனாம்?"

"காடு நல்லா இருந்தாத்தான் கரைக்கு மீன் வருமாம்."

"உங்களை ஆரோ நல்லாப் பேய்க்காட்டியிருக்கினம்."

3.
அங்கிருந்து அவர் அனுப்பிய கார்ட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'இண்டைக்கு அமாவைக் கண்டனான். கடலுக்குள்ள இருந்து வந்தா. கல்லில இருந்து மூச்சு வாங்கிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா.'

அவருடைய அம்மாவை 2004இல் முல்லைத்தீவில் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சை அவர் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. 'அம்மா'வில் ஓர் எழுத்து விடுபட்டது என்றே நினைத்தேன்.*

திரும்பி வந்ததும் கேட்டார்: "கார்ட் வந்ததோ?"

"ஓம்."

இன்னும் கொஞ்சம் நின்றார். நான் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். ஏழு வருடமாகக் கார்ட் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

(* கடைப் பலகைகளில் ஒற்றுப்பிழை பார்த்துச் சிரிக்கிறவர் அவர். தானே பிழை விடுவாரா? அம்மாவைப் பற்றி எழுதும்போது விடலாம்.)

4.
நேற்று மகள் நிரூபா தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, அமா எண்டா அங்க வுமன் டைவர்ஸ். ஒக்சிஜன் டாங்க் இல்லாமக் கடலுக்குள்ள போய்ச் சிப்பி எடுக்கிற ஆக்கள். மோஸ்ட்லி ஓல்ட் லேடீஸ். நீங்க என்ன நினைச்சனீங்க?"

"ஒண்டுமில்லை."

[முடிவு ஒன்று: ஒரு சுழியோடிப் பெண்ணைக் கண்டார். புதுச் சொல்லை எழுதினார். 'அதென்ன அமா?' என்று நான் கேட்பேன் என்று காத்து நின்றார்.]

[முடிவு இரண்டு: அம்மாவைத்தான் கண்டார். அதற்கும் நான் கேட்பேன் என்றுதான் நின்றார்.]

[முடிவு மூன்று: அந்தச் சொல்லை முதன்முதல் கேட்டபோது அவருக்கு]

5.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்ட்டைப் பார்த்தேன். 'அ'வுக்கும் 'மா'வுக்கும் நடுவில் ஓர் எழுத்து நிற்க இடமிருக்கிறது. அவருடைய கையெழுத்தே அகலமானதுதான்.

மயூராவை அழைத்தேன்.

"அப்பிடியே விடு பிள்ளை. நடுவில இடமும் விடு."

"ஆக்கள் பிழை எண்டு நினைப்பினம் அன்ரி."

"நினைச்சு, என்னட்டைக் கேக்கட்டும்."

மலரில் ஐந்தாம் பக்கம். பேனை உங்கள் கையில் இருக்கிறது.

இண்டைக்கு அ   மாவைக் கண்டனான்.