ஒரு வாளித் தண்ணீர்

எங்கள் ராக் குழுவின் பாடகன் எனேகோவுக்குக் காதல் முறிந்து ஒன்பது மாதம். அதற்குள் ஒன்பது பாட்டு எழுதிவிட்டான். ஒவ்வொன்றிலும் ஒருமுறை செத்துப்போகிறான். ட்ரம்ஸ் வாசிக்கிற எனக்குத்தான் தோள்வலி.

அவற்றில் ‘ஒரு சொட்டும் மிச்சமில்லை’ மட்டும் எங்கள் நவார்ரா மாகாணம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது. காதலி லொரேயா விட்டுப்போன அன்று கொட்டிய மழையும், அழுதழுது வற்றிய கண்ணும்தான் பாட்டு. இன்று மாலை ஊர்த் திருவிழா மேடையில் அதைப் பாட வேண்டும். லொரேயாவும் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பாடகர் ஐயா கட்டிலில் படுத்துவிட்டார்.

மதியம் அவன் வீட்டுக்குப் போனேன்.

“அவ முன்னாடி பாடினா குரல் உடைஞ்சிடும், மிரென். ஊரே சிரிக்கும்.”

“உடையட்டும்டா. நீ ஒழுங்காப் பாடினாத்தான் ஊர் பயந்துடும்.”

அவன் சிரிக்கவில்லை. இன்று மேடையேறாவிட்டால் இனி ஏறவே மாட்டான் என்று எனக்குக் கவலை.

அப்போது தெருவில் பேண்டு வாத்தியம் கேட்டது. எந்தச் சோகப் பாட்டு கிடைத்தாலும் இரட்டை வேகத்தில் ஊதிக் குதிப்பது எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. இன்று மாட்டியது எனேகோவின் பாட்டு. வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துணியுமாக இருநூறு பேர், அவன் பால்கனிக்குக் கீழேயே நின்று அவன் சாவைப் பாடித் துள்ளினார்கள். வெயிலில் வெந்தவர்கள், திருவிழா வழக்கப்படி பால்கனியிலிருந்து தங்கள் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லி மேலே பார்த்துக் கத்தினார்கள்.

“தண்ணி! தண்ணி!”

“பாவிங்களா, அது மெதுவாப் பாடற பாட்டு!” என்று எனேகோ எழுந்து பால்கனிக்கு ஓடினான். தொழில் ரோஷம் மட்டும் சாகவில்லை.

கீழே முன்னால் நின்றது லொரேயா. இருவரும் அசையவில்லை.

“எனேகோ! நான் போன அன்னிக்கு எங்கடா மழை? சுள்ளுனு வெயில்!”

“தெரியும்டி! பாட்டுக்கு வேணுமில்ல!”

“கண்ணுலதான் ஒரு சொட்டும் இல்ல. குழாய்லயாவது இருக்கா?”

தெருவே சிரித்தது. எனேகோ உள்ளே போனான். கதவை அடைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். வாளியோடு வந்தான். குறி பார்த்து அவள் தலையில் கவிழ்த்தான். அவள் நனைந்து, கைதட்டி, மறுபடி குதிக்கத் தொடங்கினாள். கூட்டம் இன்னும் கேட்டது.

இரண்டாவது வாளிக்குப் போனவனைக் காணோம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பாட்டில் எழுதியது அத்தனையும் பொய், சொட்டுக்குக் குறைவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

வாளி நிரம்பி வழிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னும் கேக்கறாங்களா?”

“கேக்கறாங்க.”

“அப்ப ஒரு பக்கம் பிடி. சாயங்காலம் அந்தப் பாட்டை எந்த வேகத்துல அடிப்பே?”

“நீ சொல்ற வேகத்துல.”

வாளியைத் தூக்கினான்.

“அவங்க குதிக்கற வேகத்துலயே அடி.”