மண்டி போட்ட கார்

பல்லக்கா சொகுசு கார் வாங்கிய செய்தி தெரு முழுக்கப் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. முன்பின் தெரியாதவர்களின் ஈறுகளெல்லாம் மாவுக்கல் அச்சுகளாக அவள் மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். மயிரிழை தப்பினாலும் மாட்டிக்கொள்கிறவர் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தன்னைத் திட்டுவார் என்பது அவள் கட்சி.

செய்த செட்டுகளை டப்பாவில் போட்டு மடியில் அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடிபட்டு, கிளினிக் கிளினிக்காக இறங்கி ஏறியே இருபத்திரண்டு வருஷம் போயிருந்தது. ஒரு மழைநாளில், வயதான பல் வைத்தியர் ஒருவர் தன் காரில் அவளைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். கதவைச் சாத்தியதும் மழை, ஹாரன், சந்தைச் சத்தம் எல்லாம் ஒரே வெட்டாக நின்றுபோனது. ஐந்து நிமிஷப் பயணம்தான். அன்றைக்கு விழுந்த ஆசை பதினோரு வருஷமாக அடங்கவில்லை.

வாங்கிய காருக்கு வயது பன்னிரண்டு. கறுப்பு. தோல் இருக்கை, நிலாவெளிச்சம் மாதிரி உள்விளக்கு. புதிதில் இருந்த விலையில் பத்தில் ஒரு பங்குதான் கேட்டார்கள். அந்தப் பணத்துக்குப் புதிதாகப் போனால் ஒரு சின்னக் கார்தான் கிடைத்திருக்கும்.

நாத்தனார் அன்றைக்கே போன் போட்டாள்.

"என் தம்பி ஓட்டுறது டவுன் பஸ்ஸு. நீ செய்றது கட்டுப்பல்லு. தகுதிக்குத் தகுந்த ஆசை வேண்டாமாடி?"

"ஆசைப்படத் தகுதிச் சான்றிதழ் வேணும்னு எனக்குத் தெரியாது அண்ணி. எந்த ஆபீஸ்ல தர்றாங்க, சொல்லுங்க, போய் வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

காரை விற்ற வியாபாரிக்கு அவள் கணவர் வைத்த பெயர் சென்ட் பாட்டில். ஆள் வருவதற்குமுன் வாசனை வந்துவிடும். அவன் பல்லைக் காட்டிச் சிரித்தபோதே, மேல்வரிசையில் இரண்டாவது பல் கட்டியது, வேலை சுமார், என்று பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பல்லைப் பிடித்த கண்ணுக்குக் காரைப் பிடிக்கத் தெரியவில்லை.

"ஒரே ஓனர் கை மேடம். கல்யாணப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தார். ஆர்.சி. புத்தகத்துல உங்க பேர் ஏற மூணு மாசம் ஆகும், அது நம்ம பொறுப்பு" என்றான்.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். கிளினிக் வாசல்களில் கார் நிற்க, டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்குவதைப் பார்த்து வரவேற்புப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அதற்கப்புறம் கார் வாயைத் திறந்தது. இன்சூரன்ஸ், சின்னக் காருக்கு ஆவதைப்போல் மூன்று மடங்கு. ஒரு டயர் பஞ்சர் ஆனதும் டிக்கியைத் திறந்தால் மாற்று டயர் வைக்கவே இடம் இல்லை. அந்த ஒரு டயர் விலையில் மற்ற கார்களுக்கு நாலு டயரும் போட்டுவிடலாம். பிறகு பேட்டரி போனது. புதுசு வாங்கி மாட்டினால் மட்டும் போதாதாம். கம்ப்யூட்டர் வைத்து, இது புதுப் பேட்டரி என்று காருக்குத் தெரியப்படுத்த வேண்டுமாம், அதற்குத் தனிக்கூலியாம்.

"சம்பந்தி வீட்டுக்காரங்களை அறிமுகப்படுத்துற மாதிரியா?" என்றார் கணவர்.

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? மொய் எவ்வளவுன்னுதான் கேக்கறேன்."

ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமைக் காலையில் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கார் முன்பக்க இடது காலை மடக்கி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தது. சக்கரம் பாதி உடம்புக்குள் போய்விட்டது. எஞ்சினை ஓட விட்டதும் முனகிக்கொண்டே எழுந்தது. நிறுத்திய இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் மண்டி.

கம்பெனி சர்வீசில் பளிங்குத் தரை, கண்ணாடிக் கோப்பையில் காபி. உபசாரத்தைப் பார்த்ததுமே பில் பெரிதாக வரும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காருக்குச் சாதாரண ஸ்பிரிங் இல்லை, காற்றுப்பைகள்தான் தாங்குகின்றன, நாலும் கிழியும் நிலையில் இருக்கின்றன என்று ஒரு டை கட்டிய பையன் விளக்கி, ஒரு சீட்டை நீட்டினான். அவளுடைய மூன்றரை மாத வருமானம் அதில் அச்சாகியிருந்தது.

மறுநாளே சென்ட் பாட்டிலிடமிருந்து போன்.

"எப்படி மேடம் இருக்கு வண்டி? ஏதாவது தொந்தரவுன்னா நீங்க சிரமப்பட வேண்டாம். திருப்பிக் குடுத்துடுங்க. கொடுத்ததுல மூணுல ஒரு பங்கு தர்றேன். யாருக்கும் தெரிய வேண்டாம், கௌரவமா முடிச்சுக்கலாம்."

கணவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "போனது போகட்டும், தலைமுழுகிடலாம்மா. யானையைக் கட்டித் தீனி போட நம்மால ஆகாது."

"நேத்து கார் மண்டி போடுது, இன்னைக்கு அவன் போன் பண்றான். அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

அவள் காரை எழுப்பி, கம்பெனிப் பக்கமே போகாமல், சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தொழில் நடத்தும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் காரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வாடா செல்லம், மறுபடியும் வந்துட்டியா?"

"என்னது, மறுபடியுமா?"

"என்கிட்ட இது நாலாவது தடவை அக்கா. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு கொண்டுவந்தாங்க. நான் செலவைச் சொல்வேன், அவங்க முகம் தொங்கிடும், வித்தவனுக்கே திருப்பிக் குடுத்துடுவாங்க. அவன் காத்து அடிக்கிற பம்ப்பை மட்டும் தட்டிக்கொட்டி, ஒரு மாசம் தாங்கற மாதிரி பண்ணி, மெருகு போட்டு அடுத்தவங்க தலையில கட்டுவான். யார் பேரும் புத்தகத்துல ஏறாது. அதான் மூணு மாசக் கணக்கு."

பல்லக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கண்ணெதிரே இருந்த மீட்டர் பலகையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். இடது ஓரத்தில், கறுப்பிலேயே கொஞ்சம் அதிகக் கறுப்பாக, கடுகளவு ஒரு பொட்டு. மெழுகு செதுக்கும் ஊசியால் சுரண்டினாள். உரிந்து வந்தது நகப்பூச்சு. அடியில், காரில் கோளாறு என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு ஒன்று, கார் படம் போட்டு, எரிந்துகொண்டிருந்தது. அது எத்தனை நாளாக எரிந்ததோ, அவள் கண்ணில் படாமல்.

அதுவரைக்கும் அவளுக்குத் தன்மேல்தான் கோபம். பேராசைப்பட்டோமோ, நாத்தனார் சொன்னது சரிதானோ என்று இரவெல்லாம் புரண்டவள். அந்தப் பொட்டைப் பார்த்த நிமிஷத்தில் அது போய்விட்டது. ஆசைப்பட்டது தப்பில்லை. விளக்கை மூடினவன் இருக்கிறான், தப்பு அவனுடையது.

முன்பு வைத்திருந்தவர்களில் ஒருவர் கல்யாணப் போட்டோக்காரர். மெக்கானிக் நம்பர் தந்தார். ஸ்டூடியோவில் போய்ப் பார்த்தபோது அவர் கார் என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லாதீங்கக்கா. எனக்கு போரடிச்சிருச்சு, அதான் வித்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு கேமராவை வித்து டயர் போட்டேன்னு தெரிஞ்சா, என் மச்சான் காலம்பூரா சொல்லிச் சொல்லிக் காட்டுவான்."

"அவன் நம்மகிட்ட வாங்குறது காரை இல்லை தம்பி. நம்ம வெட்கத்தை. அது இருக்கிறவரைக்கும் அவனுக்கு வியாபாரம் நடக்கும். ரசீது வெச்சிருக்கீங்களா?"

அவர் மேசையின் கீழறையைத் திறந்து ரசீதை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் சென்ட் பாட்டிலின் ஷோரூமில் கூட்டம் வரும். அன்று கணவர் காரை ஓட்டி, ஷோரூமுக்கு நேர் எதிரே, வண்டி நிறுத்தலாம் என்று கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். ஒரு நூல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. பல்லக்கா பின்கண்ணாடியில் ஓர் அட்டையை ஒட்டினாள். இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, காற்றுப்பை என்று ஐந்து வாரத்தில் கார் கேட்டதெல்லாம் தடித்த எழுத்தில் இருந்தது. கடைசி வரி: 'எதிர்க்கடையில் வாங்கியது. விளக்குக்கு நகப்பூச்சு இலவசம்.' பிறகு மடக்கு நாற்காலியைப் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற ஒரு கீழ்வரிசைக்குப் பல் பதிக்க உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்கு, சொல்லிவைத்த மாதிரி, கார் மெல்ல மண்டி போடத் தொடங்கியது. ஷோரூமுக்குள் இருந்தவர்கள் கண்ணாடி ஓரமாக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குடும்பம் வெளியே வந்து அட்டையைப் படித்தது. அப்பா படித்தார், அம்மா படித்தாள், அப்புறம் பிள்ளையோடு மூன்று பேருமாகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

சென்ட் பாட்டில் ஓடி வந்தான்.

"என்ன மேடம் இது, பெரிய மனுஷி செய்ற வேலையா? உள்ள வாங்க, காபி சாப்பிட்டுப் பேசலாம்."

"எனக்கு இங்கயே காத்து நல்லா வருது."

"வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. யார் பேர்ல இருக்குன்னு கேப்பாங்க, புத்தகத்தையும் நீங்களே எடுத்துக் காட்டிடுங்க."

அவன் திரும்பிக் கடைக்குள் போனான். கணவர் முன்பக்கம் திரும்பி இருமினார். சிரிப்பை இருமலாக்குவது அவருக்குக் கைவந்த கலை.

அடுத்த ஞாயிறு போட்டோக்காரரும் வந்தார். ஒன்றும் பேசாமல் தன் ரசீதைப் பெரிதாக்கி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது, ஆனால் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு சென்ட் பாட்டில் வாசனையே இல்லாமல் வந்தான். கையில் ஒரு தாள்.

"முழுப் பணமும் தர்றேன் மேடம். ஒத்தைக் காசு குறையாம. காரைக் குடுத்துட்டு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

கணவர் வாங்கிப் படித்தார். காரைப் பற்றியோ கடையைப் பற்றியோ இனி யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எழுதியிருந்தது. அவளைத் தனியே கூட்டிப் போனார்.

"முழுசாத் தர்றான்மா. ஜெயிச்சுட்டே. போட்டுடு."

"காரை வாங்கி என்ன பண்ணுவான்?"

"அது நமக்கு எதுக்கு?"

"மறுபடி நகப்பூச்சு வெப்பான். அஞ்சாவதா ஒருத்தர் வருவாங்க. அவங்க என்கிட்ட வந்து, ஏம்மா உனக்குத் தெரியும்தானேன்னு கேட்டா, நான் வாயில கொழுக்கட்டையா வெச்சுக்கிறது?"

"அது நம்ம சேமிப்புடி!" அவர் குரல் உயர்ந்தது. கல்யாணமாகி அவர் அவளை அதட்டியது மொத்தம் நாலு தடவை இருக்கும். அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, திரும்பி வந்து சென்ட் பாட்டிலின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"ஊமைக்கெல்லாம் நான் பல்லு கட்டியிருக்கேன் தம்பி. நானே ஊமையாகிறதுக்கு எனக்குக் காசு வேண்டாம்."

அன்றிரவு கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை, கேட்காமலே, பஸ் டிப்போவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு ரசீதுகளையும் உறைக்குள் போட்டுக்கொண்டு வாகனப் பதிவு அலுவலகத்துக்கு வண்டியை எடுத்தார். நாலு முறை நடக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் இருந்த எழுத்தர் முதல் இரண்டு முறை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றாவது முறை பெயர் மாற்றாமலே ஒரே காரை நாலு கைக்கு விற்ற கதையைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்றரை மாதத்தில் சென்ட் பாட்டிலுக்கு அழைப்பு போனது, அபராதமும் விழுந்தது. புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளராகப் பல்லக்காவின் பெயர் ஏறியது.

போன பணம் வரவில்லை. அந்தக் கதையை அவள் யாரிடமும் பூசிமெழுகிச் சொன்னதில்லை. காற்றுப்பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் வைக்கலாம், கம்பெனி சொன்னதில் கால்வாசிதான் ஆகும், ஆனால் மிதக்கிற மாதிரி போகாது, குலுக்கும் என்றார் மெக்கானிக். அதற்கே இரண்டு மாதம் கூடுதலாகப் பல் செட் எடுத்துச் செய்தாள். கழுத்து வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். கார் குலுங்கியது.

"இப்பத்தான் எனக்குப் பழக்கமான வண்டி மாதிரி இருக்கு" என்றார் கணவர்.

நாத்தனார் விடவில்லை. "இன்னும் அந்தச் சனியனை வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் அண்ணி. வருஷத்துக்கு அது என்ன தின்னும்னு இப்ப எனக்கு அத்துப்படி. தெரிஞ்சே வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு சுத்து போகலாம்." நாத்தனார் வரவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டாள்.

ஷோரூமுக்கு எதிரே அவர்கள் இப்போதும் போய் நிற்கிறார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு. சென்ட் பாட்டில் இப்போது கடைக்குள் ஒரு பலகை மாட்டியிருக்கிறான். 'உங்கள் மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்த்து வாங்கலாம்.' வேறு வழியில்லாமல் மாட்டியது.

போன மாதம் ஓர் இளம் நர்ஸ், சீருடையோடு, அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"அப்ப வாங்க வேண்டாம்கறீங்களாக்கா? அந்த வெள்ளைக் கார் மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணு."

"வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆசைப்பட்டா வாங்கு. வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிட்டுப் போ. புத்தகத்துல அன்னைக்கே உன் பேர் ஏறணும்னு சொல்லு. இழுத்தடிச்சா எழுந்து வந்துடு."

நர்ஸ் போனை எடுத்து மெக்கானிக்கின் நம்பரைக் கேட்டாள்.