கொட்டைக் கறை

ஆலங்குடி தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அமராவதி இடது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸுக்கு வந்தவள். வெயில் படியேறி அவள் கால் வரைக்கும் வந்துவிட்டது, உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதவரைக்கும் நல்லது என்று ஒரு மனசு சொன்னது. சீக்கிரம் கூப்பிட்டுத் தொலைத்தால் தேவலை என்று இன்னொரு மனசு சொன்னது. நடுநடுவே முந்தானையை விலக்கி விரலைப் பார்த்துக்கொண்டாள். சுட்டுவிரலிலும் கட்டைவிரலிலும் பழைய தோல் உரிந்து, சின்னப் பிள்ளை விரல் போல வழவழவென்று புதுத் தோல் வந்திருந்தது. சுட்டுவிரல் நகத்தின் ஓரத்தில் மட்டும் நூல் கனத்துக்குக் கறுப்பு போகாமல் நின்றது. புளி போட்டுத் தேய்த்தாள், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள். அது அசைவதாக இல்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் அவள் புருஷன் வீரய்யா நின்றுகொண்டிருந்தான். பூண் பிடித்த கம்பு கையில், மணியக்காரர் பழனிச்சாமியின் தோல்பை கக்கத்தில். அவன் ஊர்த் தலையாரி. மணியக்காரர் எங்கே போனாலும் பின்னால் போகிறவன். ஒரே வீட்டில் விடிந்து, ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, அவள் பஸ்ஸில் வந்தாள், அவன் மணியக்காரரின் வண்டியில் வந்தான். அவள் மனு கொடுத்தவள். அவன், மனு யார் மேல் கொடுக்கப்பட்டதோ அவருடைய ஆள். காலையில் புறப்படும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முந்திரிக்கொட்டை உடைப்பதுதான் பொம்பளைகளுக்குப் பிழைப்பு. கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தால் தோட்டுக்குள் இருக்கிற பால் கொதித்து வெளியே வரும், புகை கண்ணைப் பிடுங்கும். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, இடது கைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பிடித்துக்கொண்டு, வலது கையில் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வரவேண்டும், உடைந்தால் வியாபாரி முகம் சுளிப்பான். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். ஆனாலும் அந்தப் பால் விரலைப் பொசுக்கும், தோல் கறுத்துப்போகும், கறுத்த தோல் உரியும், உரிந்த இடம் மறுபடி கறுக்கும். அந்தத் தெருவில் பெண் எடுக்க வருகிறவர்கள் கையைப் பார்த்தே எந்தத் தெருப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அடையாள மை வைப்பதும் அதே இடது கைச் சுட்டுவிரலில்தான் என்பது இவர்கள் கேட்டு வாங்கிய வினை அல்ல.

ஐந்து வருஷத்துக்கு முந்தின ஓட்டிலும் இதே பேச்சு எழுந்தது. அப்போது மணியக்காரரே சிரித்துக்கொண்டு, அது முந்திரிப் பால் சார், இந்தத் தெருக்காரிகளுக்குக் கையெல்லாம் அப்படித்தான் என்று சொல்ல, எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். இந்தத் தடவை தெருவின் போக்கு வேறு. போன தடவை மணியக்காரர் காட்டிய பக்கம் நின்று ஜெயித்தவர், சொன்னபடி குடிதண்ணீர்க் கிணறு வெட்டித் தரவில்லை. பொம்பளைகள் மணியக்காரர் காட்டுகிற பக்கம் சாயமாட்டார்கள் என்று கடைத்தெரு வரைக்கும் பேச்சு இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். நம் ஆட்களுக்கு அது வருமா?

மாசி மாதத்து ஓட்டு அன்றைக்கு, பள்ளிக்கூடத்து வரிசையில் அமராவதிதான் முதலில் நின்றாள். பெயரைச் சொன்னாள், பட்டியலில் பெயர் இருந்தது. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எங்கேயோ வெளியூர்க்காரர், பருப்பைத் தின்றிருப்பாரே தவிரக் கொட்டை உடைத்த கையைப் பார்த்தவர் இல்லை. ஏற்கெனவே மை இருக்கிறதே என்றார். மை இல்லை, கொட்டைக் கறை என்று அவள் சொன்னாள். அவர் நம்புவதா வேண்டாமா என்று திகைத்து, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"இவங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு தெரியும் சார். வெரல்ல இருக்கிறது என்னன்னு நான் எப்புடிச் சொல்றது?"

வாசற்படியில் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு வீரய்யா நின்றான். அமராவதி திரும்பி அவனைப் பார்த்தாள். எத்தனை நாள் அந்த விரலுக்கு அவன் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டிருக்கிறான். எரிச்சல் தாங்காமல் அவள் அழும்போது வாயால் ஊதிவிட்டிருக்கிறான். அவன் தன் கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி குரலை உயர்த்தினார். கள்ள ஓட்டுப் போட வந்தால் போலீசில் ஒப்படைக்க வேண்டிவரும், மரியாதையாக வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் வெளியே வந்தபோது, பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அழகியும் மற்றவர்களும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. சட்டியில் கொட்டை போட்டு வறுக்கிற புகை எப்போதும் போல எழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"அவரு வாயத் தொறக்காதப்ப நான் தொறந்தா, மறுநா இந்தக் கம்பு என் கையில இருக்குமா புள்ள?"

அவள் சோற்றைப் போட்டாள். ஓட்டுப் போனது ஒரு எரிச்சல்தான். ஆனால் அது ஆறிவிடும் எரிச்சல். இன்னொன்று ஆறவில்லை. அவளைத் தெரியுமா என்று கேட்டதற்கு, அவளைத் தெரிந்த ஒருவன் பேசாமல் நின்றானே, அது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆரோக்கியமுத்து ஆவூர்க்காரர். ஓட்டு அன்றைக்கு அவரை வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டவர், மனு எழுதித் தருகிறேன், ஆனால் நின்று பேசவேண்டியது நீங்கள்தான் என்றார். எழுதிப் போட்டார். போட்ட பிறகுதான் பயம் வந்தது. மணியக்காரர் வேறொரு காகிதம் எழுதி அனுப்பிவிட்டார், அவள் இரண்டு தடவை ஓட்டுப் போடப் பார்த்தாள் என்று, கேஸ் நின்றால் ஜெயில் என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொன்னார்கள். சாட்சிக்கு வருகிறேன் என்று முதல் நாள் சொன்ன அழகி, மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்ததும் விரலைப் பற்றிய கவலை தொடங்கியது. உடைக்காமல் இருந்தால் கறை போய்விடும், மை என்றால் போகாது, ஆகவே உடைக்காதீர்கள் என்றார் வாத்தியார். கறை போய்விட்டால் மையைத் தேய்த்து அழித்துவிட்டாள் என்று சொல்லுவார்களே என்றாள் அழகி. கறையோடு போனாலும் குற்றம், கறை இல்லாமல் போனாலும் குற்றம். அமராவதி வாத்தியார் பேச்சைக் கேட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். வீட்டில் கஞ்சி தண்ணியானது. வீரய்யா கேட்கவில்லை. தன் பங்கில் பாதியை அவள் கலயத்தில் ஊற்றிவிட்டு எழுந்து போனான். அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

உச்சிவேளைக்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் கெட்டவராகத் தெரியவில்லை, வேலை அதிகம் உள்ளவராகத் தெரிந்தார். மணியக்காரருக்கு நாற்காலி போட்டிருந்தது. வீரய்யா கதவோரம் நின்றான், பள்ளிக்கூடத்தில் நின்ற அதே மாதிரி. தாசில்தார் விரலைக் காட்டச் சொன்னார். அமராவதி காட்டினாள்.

கறையே இல்லையே அம்மா என்றார் தாசில்தார். நகத்தோரத்துக் கறுப்பு அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் என்ன நினைத்திருப்பாரோ. தேய்த்திருப்பாள் என்று மணியக்காரர் மெதுவாகச் சொன்னார், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் குரலில். அவள் முந்திரிக்கொட்டை, சட்டி, பால் என்று சொல்லத் தொடங்கினாள். வார்த்தை முன்பின்னாக வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஐயாதான் கறை என்று சொன்னார் என்பதை மட்டும் திக்காமல் சொன்னாள். மணியக்காரர் ஞாபகம் இல்லை என்றார்.

"அன்னைக்கி அந்த எடத்துல ஒங்க வெரலப் பத்தித் தெரிஞ்சவங்க வேற யாரும் இருந்தாங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

கதவோரத்தில் கம்பின் பூண் தரையில் லேசாக உரசியது. அவள் திரும்பவில்லை. சொன்னால் தலையாரி வேலை போகும். சொல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தமில்லை. தொண்டை வரைக்கும் அவன் வந்துவிட்டான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"யாரும் இல்லைங்க."

குமாஸ்தா எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். கைநாட்டு வைக்கவேண்டும் என்று மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் இடது கைக் கட்டைவிரலைக் கொடுத்தாள். அவர் அதை மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தி எடுத்தார். வெறும் கறுப்பு வட்டம் விழுந்தது. ஒரு கோடு இல்லை. குமாஸ்தா விரலைத் துணியால் துடைத்து இன்னொரு தடவை வைத்தார். அதே மாதிரிதான். அவர் அவள் கட்டைவிரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ரேகை ஓடவேண்டிய இடத்தில் மழுங்கிய புதுத் தோல் இருந்தது. இத்தனை வருஷத்துப் பால் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது.

"ரேகையே விழலைங்க சார்," என்று குமாஸ்தா தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். "இது இவங்க கைதான்னு யாராச்சும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வாக்குமூலம் செல்லும்."

தாசில்தார் காகிதத்தை வாங்கி அந்த இரண்டு கறுப்பு வட்டங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமராவதி மை பூசிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்களத் தெரிஞ்சவங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா?" என்றார் தாசில்தார்.

வெளியே ஏதோ பஸ் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டுப்போனது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் முதலில் தோல்பை கீழே வைக்கப்பட்டது. பிறகு வீரய்யா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். சரியாகச் சாயாத கம்பு சரிந்து, பூண் சிமெண்டுத் தரையில் மோதி, மணியக்காரரின் நாற்காலிக் காலடி வரைக்கும் உருண்டு போய் நின்றது. அவன் அதை எடுக்கக் குனியவில்லை.