நூற்றுப் பத்து வயதுப் பைன்

கண்ணாடி விறாந்தைக்கு முதலாளி கூப்பிடுகிறார் என்று சமையல்காரர் வந்து சொன்னதுமே நல்லமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். காலை பத்து மணிக்குத் தோட்டக்காரனை விறாந்தைக்குக் கூப்பிடுகிறவர் நல்லதற்குக் கூப்பிடமாட்டார். முன்பிருந்த தோட்டக்காரரை அப்படிக் கூப்பிட்டுத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அன்றைக்கே அந்தக் குடும்பம் சட்டி பானையோடு மழையில் நானுஓயா ஸ்டேசனில் நின்றது.

நல்லமுத்து லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிக் குறுக்குகிற வேலை அது. இந்தப் பங்களா ஹோட்டலில் தோட்டக்கார வேலை கிடைத்ததும், தோட்டம் தந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவி மீனம்மாவோடு பங்களாவின் பின்னறைக்குக் குடிவந்துவிட்டார். வேலை போனால் அறையும் போகும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு கூரையை எங்கே போய்த் தேடுவது?

முதலாளி பிரதாப் யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அவரைக் கண்டு எல்லோரும் நடுங்கியது அதனால்தான். அன்றைக்கு அவர் முன்னால் ஒரு நீலத் தட்டில் போன்சாய் என்று குறுக்கி வளர்க்கிற பைன் மரம் ஒன்று முழங்கை உயரத்துக்கு நின்றது. அடிமரம் கெண்டைக்கால் தடிமன். ஒரு பக்கம் பட்டுப்போய் எலும்பாக வெளுத்திருந்தது, மறுபக்கம் பச்சைப் பசேலென்று ஊசியிலைகள். மரத்துக்கு நூற்றுப் பத்து வயது என்றும், விலை இருபத்தெட்டு லட்சம் என்றும், விற்கிறவருக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்றும் முதலாளி சொன்னார். அந்த விலை பெறுமா என்று நல்லமுத்து பார்த்துச் சொல்லவேண்டுமாம்.

ஒரு கோழி ஒதுங்க நிழல் தராத மரத்துக்கு இருபத்தெட்டு லட்சமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்க அவருக்கென்ன பைத்தியமா? பைன் மரத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதென்று நழுவப் பார்த்தார்.

"ஒங்க கைக்கு மரம் தெரியும் நல்லமுத்து. பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க. பொய் சொன்னா மட்டும் எனக்குப் புடிக்காது" என்றார் முதலாளி, மிக மெதுவாக.

குனிந்து பார்த்தார். வெளுத்த பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. ஒரு சரிந்த வெட்டு. அதற்கு ஒரு விரற்கடை மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. வெட்டுக்கு வெட்டு முடிச்சு விழுந்து ஆறியிருந்தது. கவ்வாத்துக் கத்தி தவிர வேறெதுவும் இப்படி வெட்டாது. அந்தச் சரிவு அவர் கையிலேயே இருபத்திரண்டு வருடம் ஊறியது. பின்பக்கத்துப் பாசியை விலக்கினார். பெருவிரல் தடிமனில் ஓர் இளம் பைன், கட்டையில் தோண்டிய பள்ளத்துக்குள் இறுக்கி வைத்து, இரண்டு திருகாணி போட்டிருந்தது. செத்த தேயிலைக் கட்டையில் ஏழெட்டு வயதுப் பைனைப் பொருத்தி, இரண்டையும் ஒரே மரமாக்கியிருக்கிறார்கள்.

ஏமாற்று என்று சொன்னால், விற்கிறவன் முதலாளியின் சிநேகிதனாக இருந்தால் என்ன ஆகும்? நல்ல மரம் என்று சொல்லி நாளைக்குச் சாயம் வெளுத்தால் யார் தலை உருளும்? எப்படிப் பார்த்தாலும் கண்ணுக்குள் நானுஓயா ஸ்டேசனும் மழையும்தான் வந்தன. கடைசியில், உண்மையைச் சொன்னவனை எவரும் விரட்டமாட்டார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

"மொதலாளி, இது பைனுக் கட்ட இல்லீங்க. தேயிலக் கட்ட."

பிரதாப் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எங்கே, எப்படி என்று காட்டச் சொன்னார். நல்லமுத்து ஒவ்வொரு வெட்டாகத் தொட்டுக் காட்டினார். காட்டக் காட்ட முதலாளியின் முகம் மலர்ந்தது.

மரத்தை முதலாளிக்கு எவரும் விற்கவரவில்லை. செய்வித்ததே அவர்தான். கொழும்பில் இரண்டு பேரிடம் காட்டினாராம், அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. மலைநாட்டு ஆள் எவனாவது கண்டுபிடிப்பானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. வாங்குகிறவர் நாளைக்கே வருகிறார்.

"கண்டுபிடிச்ச கையே மறைக்கட்டும். அந்த வெட்டெல்லாம் தெரியாமப் பண்ணிருங்க" என்றார். முடியாதென்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

நல்லமுத்து செய்தார். சின்னக் கத்தியால் சுரண்டி, மணல்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பாசியை அப்பி, சாயங்காலத்துக்குள் முடித்தார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது. மத்தியானம் ஏன் சோறு இறங்கவில்லை என்று மீனம்மா கேட்டதற்குத் தலைவலி என்றார்.

மறுநாள் காலையில் கொழும்பிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற டாக்டர் அம்மா ஒருவர். சிங்களப் பெண்மணி, தமிழும் நன்றாகப் பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளுத்த கட்டையை விரலால் தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. இந்த மரத்துக்கு இருபது வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் இவர்தான் என்று பிரதாப் நல்லமுத்துவின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

அந்த அம்மா பிரதாப்பை விட்டுவிட்டு, மண் படிந்த நகங்களோடு நின்ற கிழவரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. நல்ல மரமா?"

ஜன்னலுக்கு அப்பால் மீனம்மா பின்னறை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நல்ல மரந்தாங்க அம்மா."

டாக்டர் அம்மாவுக்கு அது போதும். முழுப் பணத்துக்கும் காசோலை எழுதிவிட்டு நிமிர்ந்து, ஒரே ஒரு வேண்டுகோள் என்றார். இத்தனை வருடம் வளர்த்த கையைப் பிரிந்தால் மரம் பட்டுப்போய்விடுமாம். இவரையும் மனைவியையும் தன்னோடு அனுப்பவேண்டுமாம். தன் வீட்டுத் தோட்டத்தில் ஓர் அறை இருக்கிறதாம். நல்லமுத்து வாயைத் திறப்பதற்குள் பிரதாப் தலையாட்டிவிட்டார்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க டாக்டர்."

எந்த அறைக்காகப் பொய் சொன்னாரோ, அந்த அறையை அன்று மத்தியானமே காலிபண்ணினார்கள். மீனம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொழும்பில் வேலை, சம்பளமும் கூட என்றதும் சந்தோசப்பட்டுச் சாமான் கட்டினாள்.

கொழும்புக்குப் போகிற வழியில் வேன் வட்டவளையைத் தாண்டும்போது பைன் நின்ற நீலத் தட்டு நல்லமுத்துவின் மடியில் இருந்தது. முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்த டாக்டர் அம்மா, மரத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் அவசரமில்லை, இனி நம் வீடுதானே என்று சிரித்தார். நல்லமுத்துவும் சிரித்து வைத்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பைன் பருத்து, இரண்டு வருடத்தில் திருகாணியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தை விட்டு வெளியே வரும். பார்த்துக்கொள்ளாவிட்டால் அதற்கு முன்பே செத்துப்போகும். மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மீனம்மா, புது வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.